சென்னையும் சதுரங்கத் தொடக்கமும்: 1829ஆம் ஆண்டு நூலொன்றை முன்னிட்டு

சதுரங்க வரலாற்றில் தமிழகத்திற்குரிய இடத்தைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைக் கூறி அமைகின்றனர். ஒன்று, நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் என்னும் பெயருடன் விளங்குவது. மற்றொன்று, 1969இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்டுமாஸ்டர் ஆனது. முன்னது புராணம், பின்னது நம் கண்முன் நிகழ்ந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட நெடுங்காலம் வெற்றிடமாகவே விடப்படுகின்றது. அவ்வெற்றிடத்தில் நிற்கும் ஒரு நூலையும், அதன் ஆசிரியருள் ஒருவர் பெயரால் இன்றும் உலகெங்கும் வழங்கும் ஒரு நகர்வையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நூல் 1829இல் சென்னையில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. ஆசிரியர் இருவர்: சென்னைவாசியான குலாம் காசிம், கும்பினிப் பணியிலிருந்த ஜேம்ஸ் காக்ரேன். பொருள் இரண்டு: 'முசியோ காம்பிட்' எனப்படும் தொடக்கத்தின் பகுப்பாய்வு ஒன்று, சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நிகழ்ந்த இரண்டு ஆட்டங்களின் பதிவு மற்றொன்று. குலாம் காசிம் 1844இல் மறைந்தார். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆயினும், ஐரோப்பியத் தொடக்க அட்டவணைகளைப் புரட்டுவோர் அரசக் காம்பிட் என்னும் பகுதியில் இத்தாலியரும் அயர்லாந்துக்காரரும் பெற்றுள்ள இடத்திற்கு அருகிலேயே இச்சென்னைக்காரரின் பெயரையும் காண்பர்.

இந்நூல் தோன்றிய நகரை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 1829இல் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் இல்லை. கடலில் நீண்ட இரும்புப் பாலம் 1861இல்தான் வந்தது. துறைமுக மதில்களைக் கட்டும் வேலை 1870களில் தொடங்கி, 1881ஆம் ஆண்டுப் புயலில் பெரும்பகுதி சிதைந்து, மீண்டும் எழுந்தது. அதற்கு முன்னர்க் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் பொருளும் கடிதமும் நூலும் மசூலாப் படகுகளில் அலைகடந்தே கரையேறின. ஆணி அறையாது கயிற்றால் தைத்த அப்படகுகளை ஓட்டியவர் இராயபுரம் முதலிய கடற்கரைக் குப்பங்களைச் சார்ந்தோர். இராயப்பர், அஃதாவது பேதுரு, பெயரால் அமைந்த ஊர் அது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வந்த ஒவ்வொரு சதுரங்க நூலும், சென்னையிலிருந்து கடல்வழி ஐரோப்பா சென்ற குலாம் காசிம் நூலின் ஒவ்வொரு படியும், இப்படகோட்டிகளின் தோள்வலிமையை நம்பியே அலைகடந்திருத்தல் வேண்டும். வட சென்னைக் கடற்கரையைச் சதுரங்க வரலாற்றிற்குப் புறம்பானதாகக் கருதுவோர் இதனை எண்ணிப்பார்ப்பது நன்று.

இனி, சதுரங்கம் தமிழகத்தில் எத்துணைப் பழமையுடையது என்னும் வினாவைச் சிறிது நோக்குவோம். இவ்வினாவிற்கு விடை கூறுகையில் நம்மவர் சிலர் சங்க இலக்கியத்துள் வரும் வல், வட்டு முதலியவற்றையெல்லாம் சதுரங்கமென்றே கொண்டுவிடுகின்றனர். அது பொருந்தாது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் 'வல்' என்னும் சொல் புணரும் முறையைக் கூறுகையில், 'நாய்', 'பலகை' என்னும் சொற்கள் அதன்முன் வருங்கால் ஏற்படும் திரிபைத் தனியே விதிக்கின்றது. வல்லநாய், வல்லப்பலகை என்பன அவ்வாறு அமைந்த வடிவங்கள். இங்கு நாய் என்பது விலங்கன்று, ஆட்டக் காய். புறநானூற்று 52ஆம் பாட்டு பாழ்பட்ட ஓர் ஊரின் பொதியிலைக் காட்டுகின்றது. அங்கே நரைத்த முதியோர் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோன பலகையில் இப்பொழுது காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. இலக்கணமும் இலக்கியமும் இவ்வாறு ஒரு சிறு ஆட்டக்காயின் பெயரில் ஒத்து நிற்பது வியப்பிற்குரியது. பழைய கிரேக்கரும் தம் பலகையாட்டம் ஒன்றில் காயை நாய் என்றே வழங்கினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆனால் வல்லாட்டம் சதுரங்கமன்று. அதில் தேர், யானை, குதிரை, காலாள் என்னும் வேறுபாடோ, ஒருவனை மடக்குவதால் ஆட்டம் முடியும் என்னும் கருத்தோ இருந்ததற்குச் சான்றில்லை. திருக்குறள் கல்லாமை அதிகாரத்தின் முதற்பாட்டில் வரும் அரங்கும் வட்டும் அத்தகையனவே. அரங்கு என்பது கட்டம் வகுத்த இடம் என்னும் அளவே பெறப்படும். இல்லாத பழமையை ஏற்றிச் சொல்வதால் நமக்குப் பெருமையில்லை. மேலும், அப்பழமைத் தேட்டமே பிற்காலத்து மெய்ச்செய்திகள் நம் கண்ணிற் படாமைக்குக் காரணமாகவும் ஆகிவிடுகின்றது.

நாற்படையை உருவகப்படுத்திய சதுரங்கம் வடபுலத்தில் தோன்றிப் பாரசீகம் சென்று, அராபியர் வழியே ஐரோப்பா புகுந்தது என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கொள்கை. 1913இல் வெளிவந்த மரேயின் பெருநூல் இதனை விரித்துரைக்கும். தென்னாட்டில் இது கற்றோரிடையே நன்கு அறியப்பட்டிருந்தமைக்கு ஓர் உறுதியான சான்று உண்டு. காஞ்சியை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய பாதுகா சகசிரம் என்னும் வடமொழி நூலில், சதுரங்கக் குதிரையின் நடையை வைத்து அமைந்த சித்திரப்பா ஒன்று உண்டு. 32 கட்டங்களில் ஒரு செய்யுளின் எழுத்துகளை நிரப்பிக் குதிரைப் பாய்ச்சலில் படித்துச் சென்றால் மற்றொரு செய்யுள் வெளிப்படும். காசுமீரத்து உருத்திரடர் 9ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகையைக் கையாண்டார். நம் சித்திரகவி மரபில் நாகபந்தம், சுழிகுளம் முதலியவற்றைப் பயின்றோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். குதிரையின் நடை அன்றும் இன்றும் ஒன்றே. உலகெங்கும் மாறாத நடை அது.

மாறியவை பிற. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அரசியும் அமைச்சனும் நெடுந்தொலைவு பாயும் ஆற்றல் பெற்றனர். அதுகாறும் இவ்விரண்டும் மிகக் குறுகிய நடையுடையனவாகவே இருந்தன. இப்புதிய ஆற்றல் பின்னர் இந்திய ஆட்டத்திலும் புகுந்தது. ஆயினும் ஐரோப்பிய விதிகளனைத்தும் இங்கு வரவில்லை. இந்திய முறையில் காலாள் முதல் நகர்விலும் பெரும்பாலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் என்பது இல்லை. அதற்கு ஈடாக, அரசன் தாக்குண்ணாதவரை ஒரே ஒருமுறை குதிரைபோல் தாவலாம். எதிர்க்கோடியை அடைந்த காலாள் தான் விரும்பிய காயாக மாறுதல் இயலாது. எந்தக் காயின் கோட்டில் முடிகின்றதோ அந்தக் காயாகவே மாறும். காலாளைக் கொண்டு அரசனை மடக்குவது தனிச்சிறப்பாக மதிக்கப்பட்டது. இவ்விதிகள் ஊருக்கூர் சிறிது வேறுபட்டன.

காய்களின் பெயரிலும் வேறுபாடு மிகுதி. ஈண்டு ஒரு சொல் விளக்கம் இன்றியமையாதது. பழைய வழக்கில் மந்திரி என்பது அரசனை அடுத்து நிற்கும் வலிய காய். ஐரோப்பியர் அரசி என்பது அதனையே. இக்காலத் தமிழில் மந்திரி, அமைச்சர் என்பன கோணத்திற் செல்லும் வேறொரு காயைக் குறிக்கின்றன. ஒரே சொல் இரண்டு தலைமுறையில் இரண்டு காய்க்குப் பெயராயிற்று. தாத்தாவும் பேரனும் ஒரே பலகையின் முன் அமர்ந்து மந்திரியை வெட்டு என்றால், இருவர் கையும் வெவ்வேறு காயை நோக்கிச் செல்லும். மூலையில் நிற்கும் காயின் கதை இன்னும் சுவையானது. நாம் அதனை யானை என்போம். வங்காளத்தார் படகு என்பர். சயாமியரும் படகு என்றே கூறுவர். உருசியரிடத்தும் அது படகே. நாற்படையில் தேருக்குரிய இடத்தில் இங்ஙனம் மரக்கலம் புகுந்தது. படகோட்டிகள் நிறைந்த நம் கடற்கரையில் மட்டும் அவ்வழக்கு வேரூன்றவில்லை. இக்கட்டுரையில் இன்றைய வழக்கையொட்டி அரசன், அரசி, அமைச்சன், குதிரை, யானை, காலாள் என்னும் பெயர்களையே ஆள்வோம்.

குலாம் காசிமுக்கு முன்னோடியாக ஒருவரைக் குறிப்பிடல் வேண்டும். 1814இல் பம்பாயில் சதுரங்கக் கட்டுரைகள் என்னும் கருத்துடைய ஆங்கில நூலொன்று வெளிவந்தது. அதன் ஆசிரியர் திருவேங்கடாசாரிய சாத்திரி. பெயரே அவர்தம் தென்னாட்டுத் தொடர்பைக் காட்டும். விலாசமணிமஞ்சரி என்னும் வடமொழி நூலின் ஆங்கில வடிவம் அது. ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்தது என்று அதன் தலைப்பே கூறும். ஆனால் அதன் பொருள் தொடக்கமன்று. ஆட்டத்தின் இடையிலும் இறுதியிலும் எழும் இக்கட்டான நிலைகளே அதில் வரையப்பட்டுள்ளன. இஃது இயல்பே. இந்திய விதியில் காலாள் மெல்ல நடக்கும். இரு படையும் தத்தம் எல்லைக்குள் நின்று அணிவகுத்த பின்னரே மோதும். எனவே முதல் நகர்வுகளை மனனம் செய்ய வேண்டிய தேவை குறைவு. நுண்மையெல்லாம் மோதலின் பின்னரே. நம் பழைய ஆசிரியர் இறுதிநிலைகளைப் பெரிதும் போற்றித் தொடக்கத்தைப் பேசாது விட்டமை அறியாமையாலன்று. அவர்தம் விதி அதனை வேண்டவில்லை.

ஐரோப்பிய விதியோ வேறு. அங்கு இரண்டாம் நகர்விலேயே மோதல் எழலாம். முசியோ காம்பிட் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. காம்பிட் என்பது ஒரு காயைப் பலியிட்டு வேறொரு நலம் பெறுதல். வெள்ளை தன் அரசன்முன் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும். கருப்பும் அவ்வாறே செய்யும். உடனே வெள்ளை, அரசன் பக்கத்து அமைச்சன்முன் நிற்கும் காலாளையும் இரண்டு கட்டம் நகர்த்திப் பலியாக வைக்கும். கருப்பு அதனை வெட்டும். மூன்றாம் நகர்வில் வெள்ளை அரசன் பக்கத்துக் குதிரையை வெளிக்கொணரும். இன்றேல் கருப்பரசி பாய்ந்து அரசனைத் தாக்கும். கருப்பு, தான் வென்ற நிலத்தைக் காக்க அரசன் பக்கத்துக் குதிரைமுன் காலாளை இரண்டு கட்டம் முன்னேற்றும். நான்காவதாக வெள்ளை அமைச்சனை வெளியே கொணர்ந்து, கருப்பரசன் ஒருவனே காக்கும் நொய்ய கட்டத்தை நோக்கி நிறுத்தும். கருப்பு அதே காலாளை மேலும் ஒரு கட்டம் தள்ளிக் குதிரையைத் தாக்கும்.

இங்குதான் வழி பிரிகின்றது. குதிரையை விலக்குவதே எவர்க்கும் முதலில் தோன்றும். முசியோ முறை அதனை விலக்காது. வெட்டுண்ணட்டும் என்று விட்டுவிட்டுக் கோட்டை கட்டிவிடும். குதிரை போனபின் அரசியும் யானையும் ஒரே கோட்டில் எதிரரசன் வாயிலை நோக்கி நிற்கும். ஒரு குதிரையை இழந்து பெற்ற வேகம் அது. குலாம் காசிமின் பெயரால் வழங்கும் முறையும் குதிரையை விலக்காது. ஆனால் அது கோட்டை கட்டுவதில்லை. ஐந்தாம் நகர்வாக அரசிமுன் காலாளை இரண்டு கட்டம் முன்னேற்றும். அவ்வொரு நகர்வால் நடுநிலம் முழுவதும் வெள்ளையின் காலாட்களுக்கு உரியதாகும். அரசி பக்கத்து அமைச்சனுக்கு வழி திறக்கும். அவ்வமைச்சன் தன் இடத்திலிருந்தே கருப்பு வென்ற காலாளைத் தாக்கும். இதே நிலையில் அமைச்சனையே பலியிட்டு அரசனை வெளியே இழுப்பது 1763இல் நூல் எழுதிய இத்தாலியர் லோலியின் பெயரால் வழங்கும் முறை. மற்றைக் குதிரையை வெளிக்கொணர்வது பெல்பாஸ்டில் பிறந்த மெக்டானலின் பெயரால் வழங்கும் முறை. இவ்விருவர் வரிசையில் மூன்றாமவராக நம் நகரத்தார் நிற்கின்றார்.

தொடக்கத்தின் அடிப்படை உத்தியைக் கற்பிப்போர் காய்வலிமை, நேரம், இடம் என்னும் மூன்றைக் கூறுவர். எத்தனை காய் உள்ளன, அவை எத்தனை விரைவில் களம் புகுந்தன, எவ்வளவு நிலத்தை ஆள்கின்றன என்பவை அம்மூன்று. திருக்குறளில் 48, 49, 50ஆம் அதிகாரங்களாக வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்றலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழும். வள்ளுவர் சதுரங்கத்தை எண்ணி இம்முறை வைத்தார் என்பது இதன் பொருளன்று. போர்பற்றிய சிந்தனை எங்கும் இம்மூன்றையே நாடும் என்பதே பொருள். எனினும் சதுரங்கம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் கலைச்சொற்கள் இவை. குலாம் காசிமின் நகர்வை இச்சொற்களால் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம்: வலியை விற்றுக் காலத்தையும் இடத்தையும் வாங்கும் நகர்வு அது. வாங்கியது விற்றதற்கு ஈடாகுமா என்பதே அத்தொடக்கத்தைப் பற்றிய வழக்கு. இன்றைய பகுப்பாய்வு ஈடாகாது என்றே தீர்ப்புக் கூறும். ஆனால் எதிரி தடுமாறும்வரை அத்தீர்ப்பு பலகைமேல் நிறைவேறுவதில்லை.

இந்நகர்வில் மற்றொரு குறிப்பும் உண்டு. முசியோவின் உயிர்நாடி கோட்டை கட்டுதல். அது நம் நாட்டு ஆட்டத்தில் இல்லாத செயல். குலாம் காசிம் முறையிலோ அரசன் நின்ற இடத்திலேயே நிற்கின்றான். படைதான் அவனைச் சுற்றி விரிகின்றது. நாட்டு முறையிற் பயின்ற ஒருவர் அயல்நாட்டுத் தொடக்கத்தை ஆராய்கையில், தமக்குப் பழகாத செயலைச் சாராத வழியைத் தேடியிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. இஃது என் ஊகமே. இதன்மேல் பெரிய கட்டடம் எழுப்புதல் கூடாது. மறுபுறம், காலாள் இரண்டு கட்டம் பாய்வதும் நம் முறைக்கு அயலானதே என்பதை மறத்தலாகாது. வெள்ளை இந்நிலையை அடைய ஐரோப்பிய விதியில் 5 நகர்வு போதும். காலாள் ஒவ்வொரு கட்டமாகவே நடக்குமாயின் 8 நகர்வு வேண்டும். அந்த மூன்று நகர்வுக்குள் எதிரி அணிவகுத்துக்கொள்வான், பலியீடு பொருளற்றதாகிவிடும். ஆகவே குலாம் காசிம் ஓர் ஆட்டத்தை விட்டு மற்றோர் ஆட்டத்தை முழுமையாகக் கற்றார் என்பதும், கற்றதோடு அமையாமல் அதன் ஆசிரியர் வரிசையில் ஏறினார் என்பதும் தெளிவு. இதுவே இந்நூலின் வரலாற்றுச் சிறப்பு.

முசியோ என்னும் பெயரே ஒரு பிழையின் விளைவு என்பதை ஈண்டுக் கூறாமல் விடல் இயலாது. பாடபேதம் ஆய்வோர்க்கு இது மகிழ்வளிக்கும். இத்தாலிய நூலாசிரியர் சால்வியோ, இவ்வாட்டத்தை ஆடியவர் ஒருவர் என்றும், ஆடக்கண்டு தமக்குரைத்தவர் முசியோ என்றும் எழுதினார். 1813இல் அதனை ஆங்கிலமாக்கிய சாரட் இருவரையும் மயங்கக்கொண்டு, சொன்னவரையே ஆடியவராக்கிவிட்டார். ஆடியவர் பெயர் மறைந்தது. கண்டவர் பெயர் நிலைத்தது. ஏடெழுதுவோர் பிழையால் புலவர் பெயர் மாறிய கதைகள் நமக்குப் புதியனவல்ல.

நூலின் மற்றைப் பகுதியான சென்னை, ஐதராபாத்து ஆட்டங்கள் 1828ஐ ஒட்டி நிகழ்ந்தவை. இரு நகர்க்கும் இடையே சாலைவழித் தொலைவு 600 கிலோமீட்டருக்கு மேற்படும். இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி புறப்பட்டது 1856இல்தான். தந்தியும் அக்காலத்தில் இல்லை. ஒவ்வொரு நகர்வும் கடிதமாகத் தபாற்காரர் கையிலேயே சென்றிருக்கும். அஞ்சல்வழிச் சதுரங்கம் அப்பொழுது ஐரோப்பாவிலும் புதுமையே. இலண்டன், எடின்பரோ மன்றங்களிடையே 1824 முதல் 1828 வரை நிகழ்ந்த அஞ்சல் ஆட்டங்கள் பெரும்புகழ் பெற்றன, எடின்பரோ வென்றது, அவற்றில் ஆண்ட ஒரு தொடக்கம் இன்றும் ஸ்காட்டிய ஆட்டம் என்றே வழங்குகின்றது. அதே ஆண்டுகளில் சென்னையும் ஐதராபாத்தும் அம்முறையில் ஆடின என்பதும், அவ்வாட்டங்கள் உடனே நூலாயின என்பதும் இந்நகரங்கள் உலகின் பிற்பட்ட மூலைகளாக இருக்கவில்லை என்பதைக் காட்டும். அஞ்சல் ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் நாட்கணக்கில் சிந்திக்கலாம், எழுதி வைக்கலாம், பிறரோடு சூழலாம். தொடக்கப் பகுப்பாய்வு என்னும் எழுத்துக்கலை வளர்வதற்கு ஏற்ற விளைநிலம் அதுவே.

கல்கத்தாவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடல் தகும். அங்கே ஜான் காக்ரேன் என்னும் வழக்கறிஞர் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் மகேசசந்திரர் என்னும் வங்காளியோடு பன்முறை ஆடினார். இவர் வேறு, நம் ஜேம்ஸ் காக்ரேன் வேறு; இருவரையும் ஒருவராக்கி எழுதுவோர் உளர். மகேசசந்திரர் நடுக்காலாட்களை ஒரு கட்டமே நகர்த்தி, அமைச்சனைக் குதிரைக்காலாள் நின்ற இடத்தில் ஒளித்து வைத்து, தொலைவிலிருந்து நடுநிலத்தைத் தாக்கினார். அது நாட்டு முறையின் மெல்லிய நடையை ஐரோப்பியப் பலகைமேல் கொண்டு வைத்ததாகும். இந்தியத் தற்காப்பு என்னும் பெயர் அவ்வாட்டங்களிலிருந்தே எழுந்தது என்பர். 20ஆம் நூற்றாண்டில் அவ்வமைப்பு உலகின் தலையாய தொடக்கங்களுள் ஒன்றாயிற்று. கல்கத்தாக்காரர் தம் மரபை உடன்கொண்டு சென்றார். அதற்கு நாட்டின் பெயர் கிடைத்தது. அவர்தம் பெயர் மறைந்தது. சென்னைக்காரர் அயல்மரபின் உள்ளே நுழைந்தார்; அவர்தம் பெயரே நிலைத்தது; அவர் எந்நாட்டார் என்பதைப் பலர் அறியார். எது மேல் என்று தீர்ப்பது எளிதன்று.

இந்தியர் இடையாட்டத்தில் வல்லவர், தொடக்கத்தில் மெலியர் என்னும் கருத்து நெடுங்காலம் வழங்கியது. 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரித்தானியப் பட்டம் வென்ற பஞ்சாபியர் மீர் சுல்தான் கான் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டார். நாட்டு விதியில் வளர்ந்து, ஐரோப்பிய விதியைப் பின்னரே கற்ற அவர், தொடக்க நூலறிவு குறைந்தவராயிருந்தும் காபபிளாங்காவையே வீழ்த்தினார். அவரளவில் அக்கருத்து மெய்யே. ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தொடக்கத்தையே பொருளாகக் கொண்டு ஓர் இந்தியர் நூல் செய்தார் என்பதை அக்கருத்தினர் எண்ணவில்லை. நூல் கிடைக்காமையும் பழக்கமின்மையுமே குறையன்றி, இயல்பான மெலிவு என்று ஒன்றில்லை.

நம்மை உறுத்தவேண்டிய வினா வேறு. 1812இல் சென்னையில் திருக்குறள் அச்சேறியது. கோட்டைக் கல்லூரியைச் சூழ்ந்த தமிழ்ப்புலவரும் ஆங்கிலேயரும் இலக்கணமும் நிகண்டும் தொகுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதே நகரில் 17 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த இச்சதுரங்க நூல் தமிழில் எழுந்திருக்குமாயின், வெட்டுதல், தாக்குதல், பலியீடு, கோட்டை, மடக்கு முதலிய கலைச்சொற்கள் அன்றே நிலைபெற்று, இரு நூற்றாண்டு ஆட்சி பெற்றிருக்கும். மந்திரி என்னும் சொல் இரண்டு காய்களுக்கிடையே அலைந்திராது. மருத்துவமும் சோதிடமும் கணக்கும் தமிழ்ச் செய்யுளில் வந்திருக்க, விளையாட்டு மட்டும் எழுத்திற்கு அருகதையற்றதாகக் கருதப்பட்டது போலும். சூது அதிகாரம் கண்ட மரபினர் பலகையாட்டம் அனைத்தையும் ஐயத்துடன் நோக்கினர் என்று சிலர் கூறுவர். அஃது அவ்வளவு வலிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை. கவறு உருட்டுதலையும் கருத்தால் ஆடுதலையும் வேறுபடுத்தி அறியாத அளவு நம் முன்னோர் பேதையரல்லர். நாட்டு விதியில் வாய்மொழியாகவே ஆட்டம் நன்கு நடந்தது, நூல் வேண்டியிருக்கவில்லை. நூல் வேண்டிய விதி வந்தபொழுது அது ஆங்கிலத்தின் வழியே வந்தது. காரணம் இதுவே என்பது என் துணிபு.

இரு விதிகளும் சென்னையில் நெடுங்காலம் அருகருகே வழங்கின. அனைத்துலக விதி முழுதும் மேலோங்கியது 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான். அதில் பெரும்பங்கு பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மானுவல் ஆரனுக்கு உரியது. 1959 முதல் 1981 வரையுள்ள காலத்தில் அவர் ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்றார். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வாகையரான யூவையை வென்றார். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972இல் சென்னைச் சோவியத்துப் பண்பாட்டு நிலையத்தில் அவர் தொடங்கிய தால் சதுரங்க மன்றத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தனியொருவர் நூலாக நின்ற தொடக்கக் கல்வி, இம்மன்றத்தில் பலருக்கும் பொதுவாயிற்று. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆம் ஒலிம்பியாடு நிகழ்ந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேசு 18 வயதில் உலக வாகையரானார். இவற்றை விரிக்கவேண்டுவதில்லை, நாளிதழ்கள் நிரம்பப் பேசிவிட்டன.

வட சென்னையில் கேரமும் குத்துச்சண்டையும் பெற்ற புகழைச் சதுரங்கம் பெற்றதில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஆலையும் துறைமுகமும் சூழ்ந்த இப்பகுதியில் இன்று பள்ளி மாணவர் பலகையை விரித்து முதற்பாடமாகக் கற்பது, அரசன்முன் காலாளை இரண்டு கட்டம் நகர்த்துதல். இரண்டாம் பாடத்தில் காம்பிட் வரும். ஆசிரியர் அங்கே இத்தாலியப் பெயர்களைச் சொல்லுகையில், ஐந்தாம் நகர்வில் அரசிமுன் காலாள் நடுவே செல்லும் அவ்வழிக்கு உரிய பெயரையும், அந்நூல் அச்சான ஊரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும்.

அரசக் காம்பிட் இன்று பெருவீரரிடையே அருகியே ஆடப்படுகின்றது. 1960இல் மார் தெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியிடம் அத்தொடக்கத்தில் தோற்ற அமெரிக்கர் பிஷர், 1961இல் அதனை முறியடித்துவிட்டதாக ஒரு கட்டுரை எழுதினார். மூன்றாம் நகர்வில் கருப்பு குதிரைக்காலாளைப் பாய்ச்சாமல், அரசிமுன் காலாளை ஒரே ஒரு கட்டம் நகர்த்த வேண்டும் என்பது அவர் கண்ட வழி. முசியோ, குலாம் காசிம் ஆகியோர் பெயரால் வழங்கும் நிலைகள் அவ்வழியில் தோன்றுதற்கே இடமில்லை. ஐரோப்பியக் காம்பிட்டுக்கு அமெரிக்கர் கண்ட அம்மருந்து, காலாளை ஒரு கட்டமே நடத்தும் நம் நாட்டு ஆட்டக்காரர்க்கு மிகவும் பழகிய நடை.